ஸ்கேனுக்குள் வந்த தூக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். இரண்டு கால்களும் மரத்து, நடை தள்ளாடியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயாக இருக்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்ததோடு, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு மதுரைக்கும் அனுப்பினார். வழியெல்லாம் அழுதேன்.

"சத்தம் பலமா இருக்கும், அசையாதீங்க. பயமா இருந்தா இதை அமுக்குங்க" என்று ஸ்கேன் எடுப்பவர் ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்.

உள்ளே தடதடவென்று ஒரே இரைச்சல். எனக்கோ மில்லுக்குள் நிற்பதுபோல் இருந்தது. இடைவேளையில் மிஷின் ஓரமாகவே கண்ணயர்ந்து பழகிய உடம்பு, தூங்கிவிட்டேன்.

ஸ்கேன் முடிந்து மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாமல் போகவே, மயக்கம் என்று பதறி என்னை வெளியே இழுத்தால் குறட்டை.

வாசலில் நின்ற என் கணவர் சொன்னார்: "அவ மில்லுல வேலை பாக்கா சார். சத்தம் இல்லேன்னாதான் தூக்கம் வராது."

"அதான் படம் இம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு" என்று ஸ்கேன் எடுத்தவரும் சிரித்துவிட்டார்.

அந்த நோய் இல்லை. பி12 சத்துக் குறைவுதான், ஊசியில் சரியாகும் என்றார் டாக்டர். அன்று கடை வாசலில் நின்றே பால்கோவா தின்றோம்.

இப்போதெல்லாம் ஸ்கேன் என்றால் படுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "நான் தூங்கிருவேன் சார். முடிஞ்ச பொறவு எழுப்புங்க."