ஆயுத பூஜைக்குக் கட்டிய கம்பிகள்

பெங்களூர் அடுகோடிப் பட்டறையின் எலக்ட்ரீஷியன் எத்திராஜ், ஒழுங்கற்றுத் தொங்கும் கம்பியைக் கண்டால் பொறுக்கமாட்டார். 1999ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று தருணின் பந்தயக் காரைக் கழுவித் துடைத்தவர், எஞ்சினின் கம்பிகளையெல்லாம் ஒரே கட்டாக டேப் சுற்றி, எண்ணெயில் குழைத்த குங்குமமும் இட்டார்.

மறுநாள் தருண் மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தபோது, அளவுகளைப் பதியும் மடிக்கணினியில் ஆயில் அழுத்தக் கோடு வெறிபிடித்ததுபோல் துள்ளியது. எத்திராஜுக்குத் தம் தவறு புரிந்தது. ஆயில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் கம்பியை ஸ்பார்க் பிளக் கம்பியோடு சேர்த்துக் கட்டியதால், பிளக்கின் மின்துடிப்பு சென்சாரின் அளவைக் கலைத்திருந்தது. இரண்டையும் பிரித்துத் தள்ளிப் பூட்டினார். தருண் மீண்டும் ஓட்டிவந்தான்.

இம்முறை கோடு தெளிந்திருந்தது. அத்தெளிவில்தான் அது தெரிந்தது: ஒவ்வோர் இடப்புற வளைவிலும் அழுத்தம் அடியோடு சரிந்தது.

"கோட்டுல இன்னும் கொஞ்சம் நாய்ஸ் இருக்குதுண்ணா, அந்தக் கம்பித் தொந்தரவுதான். விடுங்க, நாளைக்கு ரேஸ்" என்றான் தருண்.

"நாய்ஸா இருந்தா கண்ட இடத்துல குதிக்கும்பா. இது லெஃப்ட்ல திரும்பினா மட்டும் விழுது. ஆயில் பம்புக்கு எட்டாம ஒருபக்கம் ஒதுங்கிப் போவுது. வேகத்துல எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா வீல் லாக் ஆயிடும். உள்ள நீ இருப்ப."

"சும்னே பயமுறுத்தாதீங்க. பூஜைதான் போட்டாச்சில்ல?"

சிரித்தபடி அவன் கைகழுவச் சென்றான். வெப்பத்தில் இளகிய குங்குமம் எஞ்சின்மேல் சிவப்பாய் வழிந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் கம்பியை எத்திராஜ் உருவிச் சட்டைப்பைக்குள் மறைத்தார்.

தருண் வந்து சாவியைத் திருகினான். எஞ்சின் பற்றவில்லை. அவன் இறங்கிவந்து பானெட்டுக்குள் ஒருமுறை பார்த்தான், கோபப்படவில்லை.

"அண்ணா, ஸ்பேர் கம்பிய டிக்கில நீங்கதானே அழகா சுருட்டி வெச்சீங்க?"

டிக்கியின் மூடி திறக்கும் ஓசை கேட்டது.