பிரேக் ஆயில் எங்கே போனது

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. டிராக்டரோ மோட்டாரோ, எண்ணெய் குறைந்தால் ஊற்றுவேன். அதற்கு மேல் எந்த இயந்திரத்தைப் பற்றியும் எனக்குத் தெரியாது. காரில் சிவப்பு விளக்கு எரிந்தபோதும் அதையே செய்தேன். பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது, ஊற்றினேன், விளக்கு அணைந்தது. சில மாதம் கழித்து மறுபடி எரிந்தது. இந்த முறை வாய்வரை ஊற்றினேன்.

மகளுக்கு மலைமேல் அகளியில் அலுவலக வேலை. வாராவாரம் பஸ் மாறி மாறி வருகிறாளே என்று காரை அவளிடமே விட முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை நான் ஓட்டிப்போய் விட்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் தனியாக மலைப்பாதையில் இறங்கி வீட்டுக்கு வருவாள். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்து, டயரில் காற்று பார்த்தேன், ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தேன், ஹாரனைக்கூட அடித்துப் பார்த்தேன். மகளோடு போகும் வழியில் பிரேக் மிதித்தபோது கிறீச்சென்றது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு மெக்கானிக் கடை. காரை நிறுத்தியபோது மெக்கானிக் டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்ண்ணா, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"ஈரமுங்க."

"ஈரம்னா ரெண்டு மிதில போயிருமுங்க."

அதற்குள் நான் ஊர் திரும்ப வேண்டிய பஸ் வந்துவிட்டது. "நீங்க ஏறுங்கப்பா, நான் அப்பறமாக் காட்டிக்கறேன்" என்றாள் மகள். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

"பிரேக் பேட் எப்பங்க மாத்துனீங்க?" என்று பின்னாலிருந்து மெக்கானிக் கேட்டார்.

"தெரியலீங்க. ஆயில் மட்டும் ரெண்டு தடவை ஊத்துனேன்."

"எங்கயாச்சும் ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க."

"ஒழுகாம அது எங்க போச்சுங்ண்ணா?"

காலைக் கீழே இறக்கினேன். பஸ் போய்விட்டது.

டீயைத் திண்டில் வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் நகத்தளவுதான் மிச்சம். அவர் விளக்கினார்: பேட் தேயத் தேய, அந்த இடைவெளியை நிரப்ப ஆயில் கீழே இறங்கும், தொட்டியில் மட்டம் குறையும், விளக்கு எரியும். கிறீச்சென்ற சத்தமும், பேட் தீரப் போகிறது என்று சொல்லவே வைத்திருக்கும் சின்னத் தகட்டின் சத்தம். புது பேட் போட அவர் பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது, நான் வாய்வரை நிரப்பிய ஆயில் தொட்டியிலிருந்து பொங்கி வழிந்தது.

"பாருங்ண்ணா, லைட்டு உங்களக் கூப்புட்டிருக்குது. நீங்க வாயில ஊத்தி அடக்கிப் போட்டீங்க" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். திண்டில் அவர் டீ ஆடை கட்டிக் கிடந்தது. முகம் தெரியாத ஒருவனுடைய காருக்காக அதை ஆறவிட்டவர் அவர். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு டீ சொல்லுங்க, போதும்" என்றார்.

இப்போதும் பஸ் படியில் கால் வைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கேட்டருகே நின்றிருந்தேன். கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. நான் குனிந்து சக்கரத்தின் இடுக்கில் பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கப்பா, வந்தது நானுங்க" என்றாள் மகள், மேலேயிருந்து.