பெல்ட் அறுந்தால் வண்டி ஏன் நிற்கிறது?

நம் முதியோர் பள்ளிப் பலகையில் எழுத இன்று எனக்கு ஒரு நல்ல சங்கதி கிடைத்தது.

காலையில் காதர் பாயின் கருவாட்டு மாட்டுவண்டியில் மகாபலிபுரம் போய்க்கொண்டிருந்தேன். திருவிடந்தை தாண்டி, மகாபலிபுரத்துக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கையில், சாலையோரம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. பக்கத்தில் பட்டுவேட்டியோடு ஒரு மாப்பிள்ளையும், காரை ஓட்டிவந்த அவர் நண்பரும் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

“பெல்ட் அறுந்துபோச்சுங்க. மகாபலிபுரத்துல முகூர்த்தம், நேரமே இல்ல” என்றார் நண்பர்.

பாய் தன் இடுப்பிலிருந்த அகலமான பச்சை பெல்ட்டைத் தடவினார். “பெல்ட்டு அறுந்தா லுங்கிதானே அவுரும்? வண்டி இன்னாத்துக்கு நிக்குது?”

நண்பர் பின்பக்கம் திறந்து இன்ஜினைக் காட்டினார். அதற்குத் தண்ணீரே ஊற்றுவதில்லையாம். விசிறிக் காற்றில்தான் சூடு தணியுமாம். அந்த விசிறியைச் சுற்றுவது பெல்ட்தானாம்.

பாய் உடனே தன்னுடையதைக் கழற்றி நீட்டினார். “கெட்டித் தோலு நைனா, அறுவாது. மாட்டிப் பாரு.”

வேறு வழியில்லாமல் நண்பர் அதை வாங்கிக்கொண்டு இன்ஜினுக்குள் குனிந்தார்.

“பாய், மொதல்ல மாப்ளய ஏத்து” என்றேன்.

கூடைகளை நகர்த்தி அவரை உட்காரவைத்தோம். பாய் ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மாடுகளை விரட்டினார். முகூர்த்தத்துக்குள் சேர்ந்துவிட்டோம்.

ஆலத்தி எடுக்க வந்த பெண்வீட்டு அம்மா மூக்கைச் சுளித்தார்.

“மாப்ள கருவாட்டு யாவாரின்னு ஒருத்தரும் சொல்லலியே!”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.