அண்ணி கேட்ட பச்சை நாற்காலி

எஸ்டேட்டை விட்டு குளுவாங் டவுனில் நாங்கள் புதுவீடு குடிபுகுந்த அன்று, என் பச்சை நாற்காலிகளைப் பார்த்து அண்ணி எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"இந்த எஸ்டேட் சாமானை இன்னும் வெச்சிருக்கியா? தூக்கிப் போடு லா."

இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய நாற்காலிகள். சாய்ந்தால் கயிற்றிடையே காற்று வரும், முதுகு வியர்க்காது. இதைவிட என்ன அழகு வேண்டும்?

இன்று அண்ணியே போன் செய்தார்.

"மக நிச்சயதார்த்தத்துக்கு போட்டோ எடுக்கணும்மா. பழைய காலத்து விண்டேஜ் லுக் வேணுமாம். அந்த ரெண்டு நாற்காலியும் கிடைக்குமா?"

"எஸ்டேட் சாமான் உங்க வீட்டுக்கு ஒத்து வராது அண்ணி," என்றேன். "வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி இருக்கு, அனுப்பவா?"

போனை வைத்துவிட்டார்.

பச்சை நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். போட்டோவுக்கு வேறு யாருக்காவது வேண்டுமென்றால் கீழே கமெண்டில் சொல்லுங்கள், நானே காரில் கொண்டுவந்து தருகிறேன்.

அண்ணியும் இதைப் படிப்பார்.