தும்மாத தம்பி

ரொசாரிட்டோ கடற்கரையில் மீன் பொரித்து விற்கும் குடும்பத்தில் படித்து நர்ஸானவள் மிரேயா ஒருத்திதான். ஹெராயினை விடமுடியாதவர்கள் பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி அவளுடைய மருத்துவமனைக்கு வருவார்கள். இபோகா என்ற ஆப்பிரிக்கச் செடியின் வேரிலிருந்து எடுத்த மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைத்தால் மணிக்கணக்கில் கனவு ஓடும். எழும்போது பலருக்கு அந்த வெறி தணிந்திருக்கும். ஆனால் இதயத்தையே தடுமாற வைக்கக்கூடிய மருந்து அது. மிரேயாவின் கண் எப்போதும் துடிப்பு காட்டும் திரையில்தான்.

யார் யாருக்கோ கிடைப்பது ஹெராயினில் விழுந்த தன் தம்பி நாசாரியோவுக்குக் கிடைக்கவில்லையே என்று புழுங்கியவள், டாக்டர் பாரகானிடம் கெஞ்சி, காலியாகக் கிடந்த ஒரு கட்டிலை அவனுக்கு வாங்கிவிட்டாள்.

"சுத்தமா இருக்கியாடா?"

"சத்தியமாக்கா. ஊசிப் பக்கமே போகல."

சோதனையிலும் ஹெராயின் தெரியவில்லை. மாத்திரையை அவன் கையில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறுத்தியது. ஹெராயினை விட்டவர்கள் மூக்கு ஒழுக, தும்மித் தீர்ப்பார்கள். முதல் தும்மலுக்கு 'ஆரோக்கியம்', அடுத்ததற்குப் 'பணம்', மூன்றாவதற்குக் 'காதல்' என்று ஊர் வழக்கப்படி வாழ்த்தப்போய், வாழ்த்து தீர்ந்து நர்ஸுகள் சிரித்துக்கொள்வதுண்டு. இவனோ ஒரு தும்மல்கூட இல்லாமல், மிளகாய்த்தூள் தூவிய மாங்காயைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"வேற ஏதாவது குடிக்கிறியா?"

"மெத்தடோன் சிரப்புதான். அது மருந்துக்கா! டாக்டர் குடுக்கிறதெல்லாம் போதையா?"

மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டாள். ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் அந்தச் சிரப்பு தும்மலை அடக்கிவிடும், உடம்பிலும் நாள்கணக்கில் தங்கும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் இதயம் நின்றே போகலாம்.

"நீயும் என்னை நம்பலை, இல்ல?"

"நம்பினேன்டா. அதான் முதல்லயே இதைக் கேக்காம விட்டுட்டேன்."

"கட்டில் போயிடும்!"

"போகட்டும். நீ போயிடக் கூடாது."

சிரப்பை நிறுத்திவிட்டு, உடம்பைவிட்டுச் சீக்கிரம் நீங்கும் மருந்துக்கு அவனைச் சில வாரங்களுக்கு மாற்றினார் டாக்டர். அந்த வாரங்களில் அவள் வீட்டிலேயே சாப்பிட்டாலும் அவன் அவளோடு பேசவில்லை. கையில் வந்ததைத் தட்டிவிட்டோமோ, இந்தக் கோபத்திலேயே பழைய தெருவுக்குப் போய்விடுவானோ என்று அவள்தான் வெந்துகொண்டிருந்தாள்.

மறுபடி கட்டில் கிடைத்தது; அதற்கு முன்பே அந்த மருந்தையும் நிறுத்தினார்கள். கொட்டாவியும் கண்ணீருமாக வந்து படுத்தவனின் மார்பில் கம்பிகளை ஒட்டினாள். தும்மினான்.

"ஆரோக்கியம்."

மறுபடி தும்மல்.

"பணம்."

"போதும்மா நர்ஸம்மா, மாத்திரையைக் குடு."

அதற்குள் மூன்றாவதும் வந்து, திரையில் கோடு துள்ளியது.

"காதல்" என்றாள். கோடு அடங்கி ஒழுங்காக ஓடும்வரை காத்திருந்துவிட்டு, மாத்திரையை அவன் கையில் வைத்தாள்.