லயத்து வாசல்வரை வரும் வேன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் எங்கள் அண்ணனின் வேனில் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத எதை நான் புதிதாக எழுதிவிடப் போகிறேன்? ஆனாலும் அந்த வேன் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பது அண்ணன், அண்ணி, நான் என்று எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில் அதையாவது சொல்லி அழுது தீர்க்கிறேன்.

அண்ணன் அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது நான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தேன். அம்மா கொழுந்து பறித்து வாங்கும் சம்பளத்தில் இரண்டு பேர் படிக்க முடியாதென்று அண்ணன் தாமே முடிவுகட்டி, பள்ளிக்கூடத்தை விட்டு மரக்கறி லொறியில் ஏறினார். மூட்டை தூக்கினார், பிறகு ஓட்டப் பழகினார். நான் ஆசிரியையானது அந்த லொறியால்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கோபம் வந்தால் மட்டும் என்னை "டீச்சரம்மா" என்பார்.

அண்ணி குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் வேன் வாங்குவதென்று பேச்சானது. அப்போதே அண்ணனுக்கு இருதய வருத்தம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருப்பது நல்லதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி அதை மனதில் வைத்துக்கொண்டு சொகுசு வேன்தான் வேண்டுமென்றார். சாய்ந்து படுக்கும் சீட், ஏசி, சன்னலுக்குத் திரை. நுவரெலியாவுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றலாம். அந்த வண்டி தாழ்வானது, தோட்டத்து ரோட்டில் ஏறாது. அதனால் டிக்கோயாவில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பார்த்து இறங்கிவிடலாம். அண்ணிக்கு வேண்டியிருந்தது ஏசியல்ல, அந்த வீடு.

வண்டி விற்கும் இடத்துக்கு மூவருமாகப் போனோம். அண்ணி என்னைச் சொகுசு வேனில் உட்காரவைத்து அழகு பார்த்தார். அண்ணனோ பக்கத்தில் நின்ற உயரமான, சாதாரண வேனின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டைக் கழற்றலாமா என்று விற்பவரிடம் சிங்களத்தில் கேட்டார். கழற்றலாம் என்றார் அவர். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"சீக்காளிய நீட்டிப் படுக்கவைக்க எடம் வேணும். லயத்து வாசல் வரைக்கும் ஏறவும் வேணும்" என்றார் அண்ணன்.

"நீங்களே சீக்காளிதாங்க" என்றார் அண்ணி.

"நாம எறங்கிப் போயிட்டா மேல இருக்கவங்கள யாரு கொண்டுபோவா?"

என் பணம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் விட்டுக்கொடுத்திருப்பார். அண்ணி சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை சன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவேயில்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெறப் போனவர்கள், பரீட்சைக்குப் போன பிள்ளைகள், மலையில் வழுக்கி விழுந்தவர்கள் எல்லோரும் அந்த வேனில்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அதில்தான் கொண்டுவந்தார். பிணம் ஏறிய வண்டி என்று கலியாண வீட்டார் அதைக் கூப்பிடமாட்டார்கள். என் கலியாணத்துக்கே வேறு வண்டிதான் பேசினோம். அண்ணன் கொஞ்சமும் முகம் கோணாமல் சமையல் சட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதென்பார்கள். கூடப்பிறந்தவள் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஸ்டியரிங்கை அண்ணன் யாருக்கும் தரமாட்டார். எத்தனையோ பேர் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டார்கள். அண்ணிகூட ஒருமுறை கேட்டார். ஒருபக்கம் பள்ளமாக இருக்கிற ரோட்டில் இன்னொருவர் கையை நம்பமாட்டேன் என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பாழாய்ப்போன அந்தப் பிடிவாதம்!

அன்று காலை எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வேன் எதிரிலேயே நின்றது. சாவி அண்ணியின் கையில் இருந்தது. ஓட்டத்தான் ஆளில்லை. அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஓடிவந்தவர்கள் அவரைக் கம்பளியில் போட்டு, அந்த வேனைத் தாண்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அம்புலன்ஸ் எதிரே வந்தபோது அண்ணன் இல்லை. ஐயோ, ஊரையே ஏற்றிக்கொண்டு போனவருக்கு இப்படியா வரவேண்டும்!

கம்பளி பிடித்த கைகளுக்கும், வேலையை விட்டு ஓடிவந்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், பூண்டுலோயாவிலிருந்து வந்து துணையிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணிக்கு நான் எந்த வார்த்தையால் ஆறுதல் சொல்வேன்? வேனை விற்றுவிடச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. டிக்கோயாவுக்குப் போய் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். போன வாரம் முதன்முதலாகத் தனியாக மேடேறி வந்து வாசலில் நிறுத்தினார். லயத்துச் சனமெல்லாம் கைதட்டியது. அவர் இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா தங்கச்சி? இது தெரியாமயா அவர சாகவிட்டேன்?"