நரம்புச் சோதனை அறையில் இருந்தவர்

இரண்டு மாதமாகப் படி ஏறினால் கால் தளர்கிறது. கையிலும் வலு குறைந்ததால், டாக்டர் சொன்னபடி நேற்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் நரம்புச் சோதனைக்குப் போனேன். சோதித்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண்; வெள்ளை கோட்டுக்குள் கைத்தறிச் சேலை. என் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாகும்வரை தேய்த்தார். எனக்கு முன்னால் போனவருக்கும் அப்படித்தான் செய்தார்.

"கை சில்லுனு இருந்தா மிசின் பொய் சொல்லுமுங்க."

மணிக்கட்டில் லேசாக ஷாக் கொடுத்ததும் திரையில் கோடு கொஞ்சமே எழும்பியது. பத்து எண்ணும்வரை என் சுண்டுவிரலால் தன் கையை அழுத்தித் தள்ளச் சொன்னார். மறுபடி ஷாக் கொடுத்தபோது கோடு மூன்று மடங்கு உயர்ந்தது.

"பரவாயில்லையே, தேறிட்டேனுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "அதானுங்க கோளாறே. நரம்பு நுனியில கால்சியம் உள்ள போறதுக்குச் சின்னச் சின்னக் கதவு இருக்குதுங்க. கால்சியம் போனாத்தான் தசைக்குச் சேதி போகும். உங்களுக்குப் பாதிக் கதவு திறக்கறதில்லையாட்ட இருக்குதுங்க. நீங்க அழுத்துனதுல கால்சியம் கொஞ்சம் சேர்ந்துச்சு, கோடு ஏறுச்சு. டாக்டர் நெஞ்சு ஸ்கேன் எழுதுவாருங்க."

"காலுக்கு எதுக்குங்க நெஞ்சு ஸ்கேன்?"

வயரைச் சுருட்டியபடியே சொன்னார்: "நுரையீரல்ல கட்டி இருந்தாலும் சில பேருக்கு இப்படி வருமுங்க. பார்த்துப்போடோணும். தள்ளிப்போடாதீங்க."

நாளைக் காலை ஒன்பதரைக்கு ஸ்கேன். வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் "ஒண்ணும் இருக்காதுங்க" என்கிறார்கள். சோதித்தவர் மட்டும் அதைச் சொல்லவில்லை. பயம் ஏறும்போதெல்லாம், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத அந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.